வெறும் வயிற்றுக் குயில்

பதினொன்றாம் பெட்டியைத் திறந்து
எலி எலும்பு எண்ணிக்கொண்டிருந்த வெள்ளைக்காரன்
சட்டென்று எழுந்து சலாம் வைத்தான்.
மண்டோருக்கா என்று திரும்பிப் பார்த்தேன்.
வேலிக் கம்பியில் ஒற்றை மூராய்க் குருவி,
கறுப்பும் வெள்ளையுமாய், வாலைத் தூக்கிக்கொண்டு.

பெயர் ஃபின்டன். அயர்லாந்து.
படிப்பெல்லாம் கூகை.
செம்பனைக்குள் நாற்பது பெட்டி கட்டி
மருந்து வைக்காமல் எலியை ஒழிக்கிற ஆராய்ச்சி.
எனக்கு ஏணி பிடிக்கிற வேலை,
நாளுக்கு அறுபது வெள்ளி.

"நம்பிக்கையெல்லாம் இல்லை" என்றான்
அரைகுறை மலாயில், காது சிவந்துபோய்.
இந்த நிறத்தில் ஒற்றையாய் நின்றால் துக்கமாம்.
மரியாதை செய்தால் கண்டுகொள்ளாமல் போய்விடுமாம்.
ஜோடி எங்கே என்று விசாரித்தாலும் போதுமாம்.
நானும் விசாரித்து வைத்தேன், தமிழில்.

லயத்துப் பக்கம் பெட்டி கூடாதென்று
கோமளவல்லி சண்டைக்கு நின்றாள்.
கூரைமேல் கூகை அலறினால் சாவு.
அவன் தலையாட்டினான்:
எங்கள் ஊரிலும் அலறுகிறவள் ஒருத்தி உண்டு,
பழைய குடும்பங்களுக்கு மட்டும்.
"அப்ப இங்க வரமாட்டா" என்றாள் கோமளா,
"எங்களுக்கு ஏது பழைய குடும்பம்,
கப்பல் ஏறுனப்பவே பாதிப் பேர் மறந்தாச்சு."

டிசம்பர் மழையில்
நாற்பதாம் பெட்டிக் கூகை
மேனேஜர் பங்களாக் கூரையில் உட்கார்ந்து
இரவெல்லாம் துணி கிழிகிற மாதிரி கத்தியது.
யாரும் சாகவில்லை.
மேனேஜர் நன்றாகத்தான் இருக்கிறார், கோலாலம்பூரில்.
பிப்ரவரியில் தோட்டம் விலைபோனது.
வீடமைப்புத் திட்டமாம். பலகை நட்டிருக்கிறார்கள்.
அதில் ஒரு பறவைகூட வரைந்திருக்கிறது.

ஃபின்டன் கிளம்பிய அன்று
பகாவ் பஸ் நிலையத்தில் கோப்பி-ஓ ஆறிக்கொண்டிருக்க,
கடைசியாய் ஒன்று சொன்னான்.
ஆண்டின் முதல் குயிலை
வெறும் வயிற்றோடு கேட்கக் கூடாது.
கேட்டால் அந்த ஆண்டு முழுக்கப் பசி.
ஏப்ரல் பிறந்தால் தலைமாட்டில்
ரொட்டித் துண்டோடு தூங்குவாராம் அவன் மாமா,
இரண்டு லாரிக்குச் சொந்தக்காரர்.

சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.

இங்கே குயிலுக்கு மாதம் ஏது.
பெரட்டுக்கு முன்பே கூவிவிடும்.
பேர் கூப்பிடுகையில் கேட்டோம்,
பால்வாளியோடு கேட்டோம்,
குலை வெட்டுகிற கத்தியைத் தீட்டிக்கொண்டு கேட்டோம்.
அப்பா பேர் பதிந்த நாளிலிருந்து
கணக்குப் போட ஆரம்பித்து
பாதியில் விட்டுவிட்டேன்.

இன்றைக்கும் இருட்டில் கூவுகிறது,
பதினொன்றாம் பெட்டிப் பக்கம்தான்.
பிஸ்கட் டின் எட்டுகிற தூரம்.
கையை நீட்டினேன்.
காது முந்திக்கொண்டது.