ஊதா முத்திரை

கேப்பர் மலை ஏறும் முன்னே
வேன் ஒருமுறை நின்றுபோனது.
செம்மண் பறந்து வாளிக்குள் விழுந்தது.
பன்னிரண்டு துண்டு, இரண்டு சோப்பு,
ஒரு பித்தளைத் தாம்பாளம்,
சாக்கில் நூறு புதிய ஏற்பாடு.
எண்ணிக் கையெழுத்து வாங்கி உள்ளே விட்டார்கள்.
புத்தகங்களின் சிவப்பு நாடாவை மட்டும்
நூறையும் கத்தரித்து வைத்துக்கொண்டார்கள்.
கயிறு என்று எதுவும் உள்ளே போகக் கூடாது.

என் மணிக்கட்டில் வட்டமாய்
ஊதா மையில் ஒரு முத்திரை.
"இது இருந்தாத்தான் வெளிய. பத்திரம்" என்றார் வார்டன்.
ஃபாதர் பெலிக்ஸ் சிரித்தார்.
சிறைப்பணிக் குழுவோடு அதுதான் எனக்கு முதல் முறை.
நான் சிரிக்கவில்லை.

மஞ்சக்குப்பம் கோர்ட் வாசலில்
தட்டச்சு மிஷினோடு உட்காருபவன் நான்.
மனு, பக்கத்துக்கு இருபது ரூபாய்.
கடலூரின் பாவங்களை
மூன்று பிரதிகளில் அறிவேன்.

பெரிய வியாழன்.
பட்டியலில் பன்னிரண்டு பேர்,
ஒருவனுக்குக் காலையில்தான் ஜாமீன் வந்திருந்தது.
பெஞ்சில் ஓர் இடம் காலி.
குழாயடியில் தட்டு கழுவிக்கொண்டிருந்தவனை
ஃபாதர் கையசைத்து அழைத்தார்.
ஈரக்கையைச் சட்டையில் துடைத்தபடி வந்தான்.
"நான் மாரியாத்தாளுக்குக் காப்பு கட்டுறவன் சாமி. பரவால்லியா?"
"உட்காருப்பா."
பேர் கேட்டார்.
அஞ்சாப்புலி.

அந்தப் பெயரை நான் அடித்திருக்கிறேன்.
பண்ருட்டி வட்டம், முந்திரி உடைக்கும் தொழில்.
வரப்புத் தகராறு, மண்வெட்டி, கூடப்பிறந்த அண்ணன்.
'மனுதாரர் சம்பவ இடத்தில் இல்லை,
அதற்குச் சாட்சிகள் உண்டு' என்று
வக்கீல் சொல்லச் சொல்ல அடித்தேன்.
சாட்சி ஒருவரும் வரவில்லை.
ஆயுள்.

ஆறாவது ஆளோடு ஃபாதருக்கு
இடுப்பு பிடித்துக்கொண்டது.
மீதி ஆறும் என் பங்கு.
வெடித்த குதிகால்கள், ஆணிக்கால்,
ஒருவனுக்குச் சுண்டுவிரலே இல்லை.
கடைசியாக அவன்.
பாதம் என் கைக்குள் நடுங்கியது.
பேர் வைத்தவர்கள் பார்த்திருக்க வேண்டும்.
விரலிடுக்கில் முந்திரிப்பால் பொசுக்கிய கறுப்பு,
தேய்த்தேன், தேய்த்தேன்.
"அது போவாது சார். வுடுங்க."
நான் விடவில்லை.
செய்தாயா என்று கேட்கவும் இல்லை.
மூன்று மாதமாய் மனப்பாடம் செய்த பிரசங்கம்
உமிழ்நீரோடு உள்ளே போய்விட்டது.
துடைத்துவிட்டு எழுந்தேன்.

"முத்திரை எங்க?"

கையைப் பார்த்தேன்.
சோப்புத் தண்ணீரோடு போயிருந்தது.
வார்டன் மாறியிருந்தார், இவர் புது ஆள்.
மற்றவர்கள் மணிக்கட்டைக் காட்டிக் காட்டி
வெயிலுக்குள் போய்விட்டார்கள்.
இரண்டு கதவுகளுக்கு நடுவே நான்.
என் சட்டையும் வெள்ளை, அவர்கள் சட்டையும் வெள்ளை.
இருபது நிமிடம் இருக்கும்.
அதற்குள்ளேயே
எங்கே நிற்பது, கையை எங்கே வைப்பது
என்பதெல்லாம் மறந்துவிட்டது.

உட்கம்பிக்கு அந்தப்பக்கம் தட்டோடு அவன்:
"ஐயா, அவரு வெளியாளுதாங்க.
எங்காலக் கழுவுனாரு.
நான் சாட்சி."

"ஒஞ்சாட்சிய எவன்டா கேட்டான்?"

அப்புறம் பதிவேட்டைப் புரட்டினார்கள்.
வாசலில் வாங்கிய ஆதாரைத் தேடினார்கள்.
யாருக்கோ போன் போட்டார்கள்.
சின்னக் கதவு திறந்தது.
எதற்காகத் திறந்தது என்று
எனக்கு இன்றுவரை தெரியாது.

கெடிலம் பாலத்தில்
வேனே ஜெபமாலை சொல்லிக்கொண்டு போனது.
நான் கையை மோந்து பார்த்தேன்.
மேலே லைஃப்பாய்,
அடியில் முந்திரி.

உயிர்ப்பு ஞாயிறு கழிந்த திங்கள்.
வேறு யாருடைய வழக்கோ, வேறு வக்கீல்.
'சாட்சிகள்' என்று அடித்துக் கோடிட்டேன்.
எண் ஒன்று.
அவர் பெயரைச் சொல்லிவிட்டார்,
மறுபடியும் சொல்லிவிட்டார்.
என் விரல்
'அ'வின் மேலேயே நின்றிருந்தது.