முப்பத்தொன்றாம் எண் சட்டை

பாஸ் என்றால் ஏ.
காலிலிருந்து பறித்தால் டி.
தலையால் முட்டினால் எச்.
செக் நாட்டில் பந்து யார்மேல் பட்டாலும்
ஓசூர் ரோட்டில், நான்காவது மாடியில்
அரை நொடிக்குள் என் விரலிலும் படவேண்டும்.
யாரோ இதை விலைக்கு வாங்குகிறார்கள்.
எதற்கென்று கேட்டதில்லை.

ஜூலையில் சீட்டுப் போட்டார்கள்.
பிரசில்லாவுக்குச் சாம்பியன் அணி.
எனக்கு லிப்னோவ்,
போன வருடம்தான் மேலே ஏறி வந்தது.
நல்லதுதான் என்றாள் பிரசில்லா,
தோற்கிறவர்கள் பந்தை அதிகம் தொடமாட்டார்கள்.

பட்டியலின் கடைசியில் அவன்:
யிந்த்ரிஹ் லொஹோட்டா, கோல்கீப்பர், மாற்று.
அந்தப் பெயரின் நடுவே ஒரு ர இருக்கிறது,
நாக்கு நடுங்க, பல்லிடுக்கில் சீற வேண்டும்.
அவர்கள் பிள்ளைகளுக்கே
பள்ளிக்கூடம் போன பிறகுதான் வருமாம்.
எனக்கு வரவில்லை.
மேலாளர் சுப்ரீத்துக்கு என் ழ வராது.
எழிலியை எலிலி என்பார்,
அவசரத்தில் எலி.
பழைய கன்னடத்தில் இருந்த எழுத்து சார்,
நீங்கள்தான் தொலைத்துவிட்டீர்கள் என்றேன்.
சிரித்தார்.
அந்த மாத மதிப்பெண்ணில் அரை குறைந்திருந்தது.

ஆறு தோல்வி. ஒரு டிரா. மறுபடி தோல்வி.
கேமரா பயிற்சியாளரின் முகத்தைத் தேடிப் போகும்போதெல்லாம்
ஓரத்தில் அரை ஆளாக அவன் தெரிந்தான்.
செப்டம்பரில் கைகட்டி.
அக்டோபரில் கையுறை இரண்டையும் மடியில் வைத்து.
நவம்பரில் ஒரே போர்வைக்குள் நான்கு பேர்,
கடைசி ஆள் அவன், ஒரு தோள் வெளியே.
உட்கார்ந்திருப்பதற்கு விசை கிடையாது.
எழுந்து கோட்டோரம் ஓடி, உடம்பைச் சூடாக்கி,
திரும்ப வந்து உட்காருவதற்கும்.

டிசம்பரில் பனி விழுந்து கடையைச் சாத்தினார்கள்.
இரண்டு மாதம் எனக்கு வேறொரு நாடு,
விடியற்காலை ஷிஃப்ட்.
ஞாயிற்றுக்கிழமை கௌதமபுரம் மைதானத்தில்
மாமன் மகன் ஆடுவதைப் பார்க்கப் போனால்
டேய் விடுறா, குடுறா என்று ஊரே கத்துகிறது,
என் வலது கை தொடைமேல்
ஏ, ஏ, டி, ஏ.

பிப்ரவரி. வெள்ளைத் தரையில் ஆரஞ்சுப் பந்து.
ஏப்ரல். முப்பது சுற்று முடிந்ததும்
அட்டவணையை மூன்றாகப் பிய்த்தார்கள்.
மேலே ஆறு பேர் கோப்பைக்காக,
கீழே ஆறு பேர் கீழே போகாமலிருக்க,
நடுவில் நான்கு பேர்
எதற்கென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.
என் அடையாள அட்டையில்
தற்காலிகம் என்ற சொல்லுக்கு அடியில்
மே முப்பத்தொன்று என்று இருந்தது.

முப்பத்துநான்காம் சுற்று.
இங்கே மழை பிடித்துக்கொண்டது,
கரண்ட் போய் வந்தது.
எழுபத்தொன்பதாம் நிமிடம்
பெரிய கோல்கீப்பர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான்.
போர்வை விலகியது.
முப்பத்தொன்று.

முதல் தொடல், பின்னால் வந்த பாஸ்.
ஒன்றரை நொடி தாமதமாக அழுத்தினேன்,
எழுந்து நின்றிருந்தேன்.
இரண்டாவது, மேலே வந்த பந்தைப் பிடித்து
குழந்தையைப்போல் கவிழ்ந்து படுத்துக்கொண்டான்.
மூன்றாவது கோல்.
இடது மூலையில் பாய்ந்தான், நீண்டான்,
பந்து உள்ளே போனது.
விரல் நுனியில் பட்டதா?
திருப்பிப் பார்த்தேன். நிறுத்திப் பார்த்தேன்.
ஒரு கையுறை, ஒரு பந்து, நடுவில்
கொஞ்சம் புல் தெரிந்த மாதிரி இருந்தது.

பட்டது என்று போட்டேன்.

லிப்னோவ் கீழே போனது.
தணிக்கைக்காரர்கள் அந்த நொடியைப் பற்றி மட்டும்
மெயில் அனுப்பியிருந்தார்கள்.
என் கண்ணுக்குப் பட்டது என்று பதில் எழுதினேன்.

இரவு காரில், சில்க் போர்டு நெரிசலில்,
யாருக்கும் கேட்காமல் அந்த ர வை முயன்றேன்.
நாக்கு நடுங்கியது, பல் கிட்டியது,
ஏதோ சீறியது.
‘சளினா மேடம்?’ என்று
கண்ணாடியை ஏற்றினார் டிரைவர்.