பராதா

சரகோசா வேலைவாய்ப்பு அலுவலகம்.
டோக்கன் நூற்று நாற்பத்தேழு.
கணினியிலிருந்து கண்ணெடுக்காமல்
"பராதா?" என்று கேட்டாள் அதிகாரி.

"ஆமாம், எட்டரையிலிருந்து.
நாற்காலி எதுவும் காலியில்லை" என்றாள் மரியுக்சி.
பின்னால் யாரோ சிரித்தார்கள்.

அவள் பிறந்த ஈக்வடாரில்
பராதா என்றால் நிற்பவள்.
கடல் தாண்டி ஸ்பெயினுக்கு வந்தால்
அதே சொல்
வேலை நின்றுபோனவள்;
அட்டைப்பெட்டி ஆலை
வெள்ளிக்கிழமை மாலை நிறுத்திய
பதினோரு பேரில் ஒருத்தி.

பஸ் நிறுத்தமும் இங்கே பராதாதான்.
அதற்காவது
ஒரு கூரை போட்டிருக்கிறார்கள்.

இதை எழுதும் மொழி மட்டும் என்ன?
வேலையிலிருந்து நின்றுவிட்டாள் என்போம்.
சொந்தக் காலில் நிற்கிறாள் என்போம்.
வாய் கூசாமல்
ஒரே வினைச்சொல்லில்.

அது முதல் தடவை.
இப்போது மூன்றாவது.
எந்தப் படிவம், எந்தக் கட்டம்,
எந்தப் பேனா எழுதாது என்பதுவரை தெரியும்.
வெளியே சியெர்சோ காற்று
கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டுப் போகிறது.
கூட்டமில்லை. நாற்காலி இருக்கிறது.

"பராதா?"

"ஆமாம்" என்கிறாள்,
உட்கார்ந்தபடியே.