ஒரு சுற்றுக் குறைவு

என் முதுகில் அச்சடித்திருப்பது
ஒரு கசாப்புக் கடையின் தொலைபேசி எண்.
எங்கள் மன்றத்துக்குச் சட்டை வாங்கித் தந்தவர் ஓத்மார்;
சனிக்கிழமைகளில் புகையூட்டிய தொத்திறைச்சி விற்பவர்.
தேசிய வாகையர் போட்டியில்
முப்பத்தொரு பெண்களுக்குக் கடைசி வரிசையில் நிற்கிறேன்.
பசிப்பவர்கள் குறித்துக்கொள்ளலாம்.
ஆனால் எனக்குப் பின்னால் ப்ளாங்கா மட்டும்தான்,
பள்ளிப் பேருந்து ஓட்டுபவள்,
அவளும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

போஹோர்யே மலையில் இரவெல்லாம் மழை.
ஸ்ப்ரூஸ் வேர்கள் தடத்தின் குறுக்கே
சவர்க்காரம் பூசிய கை எலும்புகள்.
காற்றை இறக்கு என்கிறான் நெய்ட்ஸ்.
இறக்காதே, பாறையில் ரிம் நசுங்கும் என்கிறாள் தடேயா.
இரண்டு பேரும் என்னைவிட மெதுவாக ஓட்டுபவர்கள்.
கட்டைவிரலால் டயரை அமுக்குகிறேன்,
பேரிக்காய் வாங்குபவளைப் போல.
ஒன்றும் தெரியவில்லை.

துப்பாக்கி வெடித்தது.
முதல் வளைவுக்குள்
முன்வரிசை முழுக்க மரங்களாகிவிட்டது.

ஏற்றம். மறுபடி ஏற்றம்.
கைப்பிடியில் ஒளிரும் எண்: நூற்று எண்பத்து நான்கு.
இந்தத் துடிப்போடு என் மருந்துக்கடைக்கு யாராவது வந்தால்
உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து
ஆம்புலன்ஸைக் கூப்பிடுவேன்.
இங்கே ஒரு சிறுவன் தகரத்தைத் தட்டி
இன்னும் வேகம், இன்னும் வேகம் என்கிறான்.
அவனை எனக்குப் பிடிக்கவில்லை.

உச்சியைத் தாண்டினால் பியானோ.
படிப்படியாகச் சரியும் கரும்பாறைக்கு
யாரோ வைத்த பெயர்.
சென்ற ஆண்டு பயிற்சியில்
அது என் காறையெலும்பில் ஒரே ஒரு சுரம் வாசித்தது.
பக்கத்தில் சுற்றுவழி உண்டு,
புல், மண், பன்னிரண்டு நொடி அதிகம்.
கோழிப் பாதை என்பார்கள்.
முதல் சுற்றில் நான் கோழி.
இரண்டாவதிலும்.
அங்கே காவலுக்கு இருந்த ஓய்வுபெற்ற தீயணைப்பாளர்
மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்.

மூன்றாவது சுற்றில் என்ன ஆனதென்று
எனக்கே சரியாகத் தெரியாது.
துணிச்சல் என்று சொல்ல மாட்டேன்.
திரும்பச் சோம்பலாக இருந்தது.
முன்சக்கரம் விளிம்பைத் தாண்டிவிட்டது,
இனி கேட்பதற்கு யாருமில்லை.
இடுப்பைப் பின்னால் தள்ளி
பிரேக்கிலிருந்து ஒரு விரலை எடுத்து
டக், டக், டடக்,
பல்லும் கல்லும் ஒன்றாகி
கீழே
நேராக நிற்கிறேன்.
இரண்டு சக்கரமும் மண்ணில்.
தலையைத் தூக்கித் தீயணைப்பாளரைத் தேடினேன்.
அவர் குனிந்து
அவித்த முட்டைக்கு ஓடு உரித்துக்கொண்டிருந்தார்.

கத்திச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தபோது
பின்னாலிருந்து ஒரு குரல்: வழி!
செந்தட்டிப் புதருக்குள் ஒதுங்கினேன்.
முதலிடத்தில் வருபவள், இருபத்திரண்டு வயது,
என்னை ஒரு முழுச் சுற்றால் தாண்டினாள்.
நன்றி என்றாள்.
ஒரே ஒரு மூச்சு உபரியாக இருந்திருக்கும்,
அதை எனக்குச் செலவழித்துவிட்டுப் போனாள்.

சுற்று முடியும் இடத்தில் மஞ்சள் சட்டைக்காரர்
கையை நீட்டினார்.
போதும், அம்மா.
எனக்குப் போதவில்லை என்பதைச் சொல்ல
மூச்சில்லை.
ஒட்டிய தாளில் என் பெயருக்கு எதிரே
இருபத்தொன்பது, ஒரு சுற்றுக் குறைவு.
பியானோவுக்கு அந்தத் தாளில் கட்டமில்லை.

தண்ணீர்க் குழாய்க்கு வரிசை.
முழங்கால்வரை எரிச்சல், காதுக்குள் சேறு.
எனக்கு அடுத்து ப்ளாங்கா,
முப்பது, அவளும் ஒரு சுற்றுக் குறைவு.
நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை,
ஆறு ஆண்டுகளாக ஒருவரையொருவர் துரத்துவதைத் தவிர.
குழாயை என்னிடம் நீட்டியபடி கேட்டாள்:
அந்தக் கடை எண்ணில் கடைசி இலக்கம்
ஒன்றா, ஏழா?
மூன்று சுற்றாகப் பார்க்கிறேன்,
பாறையில் நீ இறங்கும்போதுகூடப் பார்த்தேன்,
சேறு மறைத்துவிட்டது.

திரும்பி நின்றேன்.
அவள் தண்ணீரை என் முதுகில் அடித்தாள்.