சிக்னல் பதினொன்று

ஜெலுத்தோங்கில் தியோவின் பட்டறைக்கு
வெள்ளிக்கிழமை மாலை போனேன்.
கடைசல் இயந்திரம் படுத்துவிட்டது.
அதை ஓட்டுகிற பெட்டி பென்டியம் மூன்று,
பக்கத் தகடு இல்லை,
உள்ளே இரும்புத்தூள், ஒரு பல்லி முட்டை.
செத்த வட்டுக்குப் பதில் வேறு வட்டு போட்டாயிற்று;
நிரல் மட்டும் இனிமேல்தான் கட்ட வேண்டும்.
அதைக் கட்ட ஒரு கம்பைலர்,
அந்தக் கம்பைலரைக் கட்ட இன்னொன்று.
திங்கள் காலை படகுக்காரர் வருவார்
சுழல்தண்டு வளையங்களுக்கு.

முதல் தகராறு தேதியில்.
இப்போது பிறந்த கோப்பு
முன்பே இருப்பவற்றைவிட மூத்தது,
கடிகாரத்தைப் பார்
என்று எழுதிவிட்டு நின்றது.
பார்த்தேன்: 2000, ஜனவரி ஒன்று,
நள்ளிரவு தாண்டி நாலு நிமிடம்.
மின்சாரம் போகும்போதெல்லாம்
அங்கே திரும்பிப் போய்விடுகிறது.
நான் கொண்டுபோன அத்தனையும்
அதற்கு இன்னும் எழுதப்படாதவை.
கைக்கடிகாரக் கடையில்
காசு போல ஒரு பேட்டரி, இரண்டு வெள்ளி.

அடுத்தது, தெரியாத ஆணை.
புதிய சில்லுக்காரர்கள் செய்த கம்பைலர்
இந்தப் பெட்டி கற்றே இராத
ஒரு வினைச்சொல்லைச் சொல்கிறது.
புரிந்ததுபோல் தலையாட்டத் தெரியாமல்
அந்த இடத்திலேயே விழுகிறது.
பழைய கம்பைலரைத் தேடி எடுத்தேன்.
பென்டியம் மூன்று, அதற்குமேல் பேசாதே,
ஒரு வரி எழுதிக் கொடுத்தேன்.

சனி இரவு.
ஹஃபீஸ் வாங்கி வந்த கோப்பி
கயிறு கட்டிய பிளாஸ்டிக் பையில்
இயந்திரக் கைப்பிடியில் தொங்கியது.
சிக்னல் பதினொன்று.
மறுபடி ஓட்டினேன்.
பதினொன்று, வேறொரு கோப்பில்.
மறுபடி.
முதலில் விழுந்த கோப்பை
ஒன்றும் நடக்காததுபோல் கடந்து
நாற்பது கோப்பு தள்ளி விழுந்தது.

ஒரே இடத்தில் விழுந்தால் குற்றம் எழுத்தில்,
இடம் மாற்றி மாற்றி விழுந்தால் உடம்பில்.
தெரியும்.
தெரிந்தும் மூன்று மணி நேரம்
எழுத்தைத்தான் திருத்திக்கொண்டிருந்தேன்.
எழுத்தைத் திருத்துவது
உட்கார்ந்தபடி செய்கிற வேலை.

மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பினேன்.
கொஞ்சம் கூடப் போய் விழுந்தது.

பிறகு நினைவகச் சோதனை.
ஒன்றை வைக்கும், எடுத்துப் பார்க்கும்.
பூச்சியத்தை வைக்கும், எடுத்துப் பார்க்கும்.
ஒரு பட்டையில் இருநூறு கோடிச் சொச்சம் அறைகள்.
சுபுஹு பாங்கு கேட்ட நேரம்
சிவப்பாக ஒரு வரி:
ஒன்றை வைத்தால் பூச்சியத்தைத் தருகிறது
ஓர் அறை.
இத்தனை வருஷம் யாருக்கும் தெரியவில்லை.
வளையம் வெட்டுகிற வேலை
அவ்வளவு தூரம் உள்ளே போனதில்லை;
நான்தான் கடைசி மூலைவரை நிரப்பியவள்.

ஞாயிறு, லோரோங் கூலிட் பழஞ்சாமான் சந்தை.
ஒருவர் விரித்த தார்ப்பாயில்
ரிமோட்டுகள், பல்செட்டு, நினைவகப் பட்டைகள்.
எதுவும் பொருந்தாது, எல்லாவற்றிலும்
பள்ளம் வேறிடத்தில்.
"ஒரு வெள்ளிக்கு எடுத்துக்கோ, சீவிப் போடு" என்றார்.

திரும்பி வந்து கெட்ட பட்டையைக் கழற்றினேன்.
மிச்சம் பாதி.
வட்டில் ஒரு மூலையை ஒதுக்கி
கொள்ளாததை இங்கே வை என்றேன்.
ஒரு நேரத்துக்கு ஒரு கோப்பு, அவசரமில்லை.
இரவெல்லாம் வட்டு எலிபோல் கொறித்தது.
மாவு மூட்டைமேல் தூங்குவதுபோல்
ஹஃபீஸ் கந்தல்துணி மூட்டைமேல் தூங்கினான்.

ஏழேகாலுக்குச் சுழன்றது.
முதல் வளையத்திலிருந்து
பித்தளை சுருள் சுருளாய் உதிர,
தியோ ரசீதைப் படித்தார்:
பேட்டரி, இரண்டு வெள்ளி.
நினைவகம், கழற்றியது.
கூலி.
"எடுத்ததற்கா காசு?"
கண்ணாடி நெற்றிக்கு ஏறியது.

இருபது வெள்ளி குறைத்துத் தந்தார்.
கெட்ட பட்டையைக் கேட்டேன், தரவில்லை.
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து,
நல்லாத்தானே இருக்கு என்று
இழுப்பறையில் போட்டுக்கொண்டார்.