பொட்டாசியம் 6.1

வியாழக்கிழமைக் கூட்டத்தில் வாசிக்க
இதை எழுதத் தொடங்கினேன்.
படிவத்தில் முதல் கட்டம்:
வயது அறுபத்தெட்டு. ஆண். ஆடு மேய்ப்பவர். தனியாக வசிக்கிறார்.
இரண்டாம் கட்டம், இருபது சொற்களுக்குள்:
கால் முழுக்கக் கன்றிய நீலம், ஈறில் ரத்தம்,
மூன்று மாதச் சோர்வு.

நிக்கனோர் ஒயார்சோ
தியேரா தெல் ஃபுவேகோவின் உள்ளே எங்கிருந்தோ
கம்பளி மூட்டை ஏற்றிய லாரியில் வந்தார்.
அப்புறம் படகு. காற்று அடங்கட்டும் என்று
ஒன்றரை நாள் கரையிலேயே கிடந்த படகு.
புந்தா அரேனாஸ் மருத்துவமனையில்
தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு
"பூட்ஸ் சின்னதாகிவிட்டது, டாக்டர்" என்றார்.
அவ்வளவுதான் அவர் புகார்.

நாங்கள் பெரிதாக யோசித்தோம்.
ரத்தப் புற்று என்றார் ஒருவர்.
ரத்தக்குழாய் அழற்சி என்றேன் நான்;
ஸ்டீராய்டு தொடங்கக் கை துறுதுறுத்தது.
இடுப்பெலும்பில் ஊசி இறக்கினோம்.
குற்றம் ஏதும் செய்யாத மஜ்ஜை
கண்ணாடித் தகட்டில் ஊதா நிறத்தில்
சும்மா கிடந்தது.

காலைத் துடைத்துக்கொண்டிருந்த நர்ஸ் யெர்க்காதான்
"இந்த முடியைப் பாருங்களேன்" என்றாள்.
ஒவ்வொரு முடியும் திருகாணிபோலச் சுருண்டு
அடியில் ஒரு செம்புள்ளி.
பாய்மரக் கப்பல்கள் சுமந்து திரிந்த நோய்.
பாடநூலில் அரைப் பக்கம்,
தேர்வில் வராது என்று நான் புரட்டிப்போன அரைப் பக்கம்.

ஸ்கர்வி.

என்ன சாப்பிடுவீர்கள் என்று முதல் நாளே கேட்டிருந்தேன்,
நின்றபடி.
"எல்லாம்தான்" என்றிருந்தார்.
எல்லாம் என்று எழுதியும் வைத்திருந்தேன்.
இம்முறை நாற்காலியை இழுத்துப் போட்டு
விடியலிலிருந்து கேட்டேன்.
ரொட்டி, மாத்தே.
மதியம் ஆட்டிறைச்சி, நார் நாராகப் பிரியும்வரை வேகவைத்தது.
ராத்திரி அதில் மிச்சம்.
உருளைக்கிழங்கு?
"கூடாது."
தக்காளி? ஆரஞ்சு?
"கூடாதே, டாக்டர்."
தெரிந்த பாடத்தை மறந்து நிற்கும் பிள்ளையைப் பார்ப்பதுபோல
என்னைப் பார்த்தார்.

புகையிலை டப்பாவிலிருந்து ஒரு தாள் வந்தது.
நான்காய் மடித்தது, மடிப்பெல்லாம் ஒட்டுநாடா.
பொட்டாசியம் 6.1. அதிகம்.
தவிர்க்க: உருளை, தக்காளி, ஆரஞ்சு, வாழை, கீரை,
மறு உத்தரவு வரும்வரை.
நான்கு வருடத்துக்கு முந்தைய தேதி.
கீழே கையெழுத்து.
வாலை மேலே சுழற்றிவிடும் அந்த எழுத்தை
எனக்குத் தெரியும்.

கிராமப் பணி வருடம் அது.
அன்று எடுத்த ரத்தம் சரளைச் சாலையில்
நாலு மணி நேரம் குலுங்கிக் குலுங்கிப் போயிருக்கும்.
வழியிலேயே அணுக்கள் உடைந்து
தம்மிடமிருந்ததைக் குழாய்க்குள் கொட்டியிருக்கும்.
எண் குழாயினுடையது, மனிதருடையது அல்ல.
இன்னொரு முறை எடுத்துப் பார்த்திருக்க வேண்டும்.
அடுத்த வாரம் எனக்கு மாற்றல் வந்தது.
மறு உத்தரவு வரவில்லை.
அவர் காத்திருந்தார்.

சிகிச்சை: வைட்டமின் சி, தினம் ஒரு கிராம்.
மூன்றாம் நாள் ஈறில் ரத்தம் நின்றது.
பதினோராம் நாள் பூட்ஸ் காலில் ஏறியது.
பொட்டாசியம், இரண்டு முறை பார்த்தேன், 4.2.

"இனி எல்லாம் சாப்பிடலாம்" என்றேன்.
அந்தக் கையெழுத்து என்னுடையது என்றும் சொன்னேன்.
கொஞ்ச நேரம் சன்னலில் மோதும் காற்றைக் கேட்டார்.
"சரி," என்றார். "அதையும் எழுதித் தந்துவிடுங்கள்.
முத்திரையோடு."

எழுதினேன். ஒவ்வொரு காயாக, ஒவ்வொரு பழமாக.
பழைய தாளைக் கேட்டேன், தரவில்லை.
இரண்டையும் ஒன்றாக மடித்து
டப்பாவை டக்கென்று மூடினார்.

இன்று காலை பார்த்தால்
நோய்க் காரணம் என்ற கட்டத்தில்
பயிற்சி மருத்துவர் முன்கூட்டியே தட்டி வைத்திருக்கிறார்:
உணவில் அக்கறையின்மை.
அழித்தேன்.
நான் சொன்னதை இத்தனை அக்கறையாக
வேறு யாரும் கேட்டதில்லை.
கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.
எட்டு மணிக்குக் கூட்டம்.
இருபது சொற்கள் வேண்டாம், என் பெயர் போதும்.