பக்கம் பி, பதினோரு நிமிடம்

கேசட் உறையில் பென்சில் எழுத்து:
சிரில் லாசரஸ். பியானோ. ரயில்வே இன்ஸ்டிடியூட், மதுரை.
மொத்தம் எட்டு. ஏழில் அவர் இல்லை,
அவரைப் பார்த்தவர்கள் பேசுகிறார்கள்.
கேட்டதைக் கேட்டபடி தட்டச்சு செய்ய
எனக்கு நிமிடத்துக்கு மூன்று ரூபாய்.

பாயிண்ட்ஸ்மேன் குருவையா முதலில்.
சனிக்கிழமை ராத்திரி விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் போகையில்
ஜன்னல் கம்பி வழியே பார்த்தாராம்.
"ஜாஸோ கீஸோ, பேரு தெரியாதுங்க.
இடது கை அங்கிட்டு ஒழுங்கா தண்டவாளத்துல போகும்.
வலது கை இங்கிட்டு, டிக்கெட் எடுக்காத பய மாதிரி
பொட்டிக்குப் பொட்டி தாவும்."
"அது எந்த வருஷம்?" என்கிறார் பேட்டி எடுத்த மாசிலாமணி.
எல்லாரையும் இப்படித்தான் வெட்டுகிறார்.
வைகையில ரெண்டு கரையும் தொட்டுத் தண்ணி வந்துச்சே, அந்த வருஷம்
என்று தொடங்குகிறார் குருவையா.
தண்ணீர் கல்பாலத்துக்கு வருமுன்
அடுத்த கேள்வி வந்துவிடுகிறது.

எங்கே கற்றார்?
கொழும்பில் ஒரு ஹோட்டலில்.
தூத்துக்குடியில், கப்பல்காரன் விட்டுப்போன இசைத்தட்டுகளில்.
கோலாரில், தங்கச் சுரங்கத் துரை வீட்டில்.
மூன்றையும் தட்டச்சு செய்தேன்.
நான் யார் தீர்ப்புச் சொல்ல?

மூன்றாம் கேசட்டில் டோரா பீரிஸ்.
பின்னால் குக்கர் கத்துகிறது. அவர் எழுந்து போகவில்லை.
"கட்டையைப் பார்க்கவே மாட்டார்.
எங்கள் கால்களைத்தான் பார்ப்பார்.
ஒருநாள் என் செருப்பு வார் அறுந்தது.
ஆடின யாருக்கும் தெரியாது, அவருக்குத் தெரிந்தது.
நான் ஊக்கு குத்தி முடிக்கிறவரைக்கும்
அதே ரெண்டு அடியைச் சுற்றிச் சுற்றி வாசித்தார்."
அவர் எந்த வாசல் வழியாக உள்ளே வருவார்?
டோராவிடம் பதில் இல்லை.
இன்னொரு விசில்.

பதில் ஐந்தாவதில், பரிமாறிய காதர் மொய்தீனிடம் இருந்தது.
"அடுப்படி வாசல்தாங்க. என் வாசல்.
வாசிக்க வரலாம், ஆட வரக்கூடாது."
பிறகு, கேட்காமலே:
"அந்தப் பியானோவுல ஏழு கட்டை ஊமை.
ஐப்பசி பொறந்தா பதினொண்ணு.
ஊமை எதுன்னு விரலுக்குத் தெரியும்.
அதுக்கு முந்தி ஒரு துள்ளல் வச்சு
தாண்டிப் போயிருவாரு.
அந்தத் துள்ளலுக்குத்தான் சனங்க ஆடுனாக."

எட்டாவது, பக்கம் பி.
பென்சிலை நுழைத்து நாடாவை இறுக்கிப் போட்டேன்.
எதிர்பார்த்ததைவிட மெல்லிய குரல்.
ஆறு நிமிடம் பென்ஷன் பாக்கி.
மானாமதுரை லைனில் கழிப்பறைக்குள் ஒளிந்து வந்த கல்யாணக் கோஷ்டி,
மாப்பிள்ளையும் சேர்த்து பதினான்கு பேர், ஒரே ஒரு டிக்கெட்.
அவர்களுக்கு அபராதம் போட்டாரா என்று சொல்லவில்லை.
இசை பற்றிக் கேட்டால் இருமுகிறார்.
பியானோ?
"கரையான் பாதி. மீதி வெந்நீர் அடுப்புக்கு."

அப்புறம் பேச்சு நிற்கிறது.
நாடா கோளாறு என்று நினைத்தேன்.
இல்லை, மரத்தில் விரல்.
சாப்பாட்டு மேசையாக இருக்கவேண்டும்,
எவர்சில்வர் டம்ளர் ஒன்று கூடவே கிணுகிணுக்கிறது.
இடது கை நடக்கிறது.
வலது கை தாவுகிறது.
நடுவே ஓரிடத்தில் துள்ளல்,
எந்தக் கட்டையும் ஊமையாகாத மேசையில்.

மாசிலாமணி குறுக்கிடவில்லை.
நாற்பது நொடி.
பிறகு அவர் தொண்டையைச் செருமி, "இது எந்த வரு..."
நாடா முடிந்தது.

பேச்சல்லாத ஒலிகளை அடைப்புக்குறிக்குள் இடவும் என்கிறது விதித்தாள்.
[மேசை தட்டும் ஓசை] என்று அடித்தேன்.
அழித்தேன்.
[வாசிக்கிறார்] என்று அடித்தேன்.
மேற்பார்வையாளர் கேட்பார், எதை என்று.

நாற்பது நொடிக்கு இரண்டு ரூபாய்.
பதினேழு முறை கேட்டிருக்கிறேன்.
ஒருமுறைக்கு மட்டும் பில் போட்டேன்.